திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?

விசா கிடைக்காமல் திரும்புகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "காரணமே சொல்லலை தோழர், ஒரு பேப்பரைக் கையில குடுத்து அனுப்பிட்டான்." காரணம் இருக்கிறது. அந்தப் பேப்பரிலேயே அச்சடித்திருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்திருப்பதால்தான் அது காரணம் மாதிரித் தெரிவதில்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய குடிவரவுச் சட்டம் 1952இல் வந்தது. அதன் 214 (பி) பிரிவு, சுற்றிப் பார்க்கவோ படிக்கவோ விசா கேட்டு வருகிற எவரையும் நிரந்தரமாகத் தங்க வந்தவராகவே கருதச் சொல்கிறது. எச்1பி போன்ற ஒன்றிரண்டு வேலை விசாக்களுக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள், தாங்கள் அப்படி இல்லை என்று ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதிகாரிக்குத் திருப்தி வரும்படி நிரூபிக்க வேண்டும். கிடைக்கிற நேரம் சில நிமிடம். மேல்முறையீடு கிடையாது. மறுபடி வேண்டுமென்றால் 185 டாலரை மறுபடி கட்டு. குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவன் நிரபராதி என்று உலகத்துக்கே பாடம் எடுக்கிற நாடு, தன் வாசலில் மட்டும் அதைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறது. பிறந்ததாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப்பரம்பரைச் சட்டம் இந்தியா முழுக்க நீக்கப்பட்டதும் அதே 1952இல்தான். தற்செயல்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அய்ரோப்பாக்காரன் கொஞ்சம் எழுதிக் கொடுப்பான். ஷெங்கன் நாடுகளுக்கென்று 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு ஒன்று உண்டு. அதன் 32ஆம் பிரிவில் மறுப்புக்கான காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. பயண ஆவணம் போலி, எதற்காக வருகிறார் எங்கே தங்குகிறார் என்பது விளங்கவில்லை, செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஆதாரமில்லை, கொடுத்த காகிதங்கள் நம்பும்படி இல்லை, விசா முடிவதற்குள் கிளம்பிவிடுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது, இப்படி. பரீட்சைத்தாள் போல ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடித்துத் தருவார்கள். காரணத்தை எழுத்தில் தருவதும் எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்வதும் அவர்கள் விதிப்படியே கட்டாயம். பிரிட்டன் 'உண்மையான பயணிதானா' என்று கேட்கும். கனடா 'தங்கும் காலம் முடிந்ததும் வெளியேறுவாரா' என்று கேட்கும். வார்த்தைதான் வேறு. கேள்வி எல்லா ஜன்னலிலும் ஒன்றே: திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இதற்கு அவர்கள் வைத்திருக்கிற சொல் 'பிணைப்பு'. சொந்த நாட்டோடு உனக்கு என்ன பிணைப்பு? நிலம் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, நிரந்தர வேலை இருக்கிறதா, பாங்கில் பணம் இருக்கிறதா? சேரியில் பிறந்தவனுக்கு ஊரோடு பிணைப்பு போதாது என்று ஒருவன் சொன்னால் அழுவதா சிரிப்பதா? படியாளாக, பண்ணையாளாகத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டுத்தானே வைத்திருந்தார்கள்? கட்டிப்போட்ட ஊர் அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நிலத்தின் கதை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாங்கம் ஆணை போட்டது. பஞ்சமி நிலம் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நாம் விடாமல் சொல்லிவருகிற கணக்கு. பிறகு அது யார் கைக்குப் போனது என்பதும் தெரிந்ததுதான். காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு பட்டா. அந்த மாதிரிப் பட்டாவின் நகல் ஒன்றைத்தான் தூதரகத்து அதிகாரி 'பிணைப்பு' என்று ஃபைலில் சேர்த்துக்கொள்கிறார். நத்தம் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிற வீட்டுக்கு வீட்டுவரி ரசீதும் கரண்ட் பில்லும் இருக்கலாம். அதை வைத்து எந்த இன்ஜினியரும் சொத்து மதிப்புச் சான்று எழுதித் தரமாட்டார்.

நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். "அந்த வெள்ளைக்காரனுக்குப் பறையன் யாரு, படையாச்சி யாருன்னு தெரியுமா? எதுக்கெடுத்தாலும் சாதியைக் கொண்டாந்து வைக்கிறீங்களே!" நியாயமான கேள்வி. அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வி.ஏ.ஓ.வும் சார்பதிவாளரும் தாசில்தாரும் தெரிந்தே நூறு வருடமாகச் செய்து வைத்திருப்பதை அவன் கட்டுக் காகிதமாக வாங்கிப் பார்க்கிறான். படிவத்தில் சாதிக் கட்டம் கிடையாது, ஆனால் கேட்கப்படுகிற இணைப்புகள் ஒவ்வொன்றிலும் அது மறைந்து உட்கார்ந்திருக்கிறது. மறுக்கப்படுகிறவர்கள் நாம் மட்டுமில்லை என்பதும் உண்மைதான். 2024இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன விண்ணப்பம் ஏறத்தாழ பதினோரு லட்சம். மறுக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல். கட்டணம் அந்த வருடம் ஜூன் மாதம் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். குழந்தைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு, அதைக் கழித்துப் பார்த்தாலும் கிடைக்காத விசாவுக்காக நம் நாட்டு ஆட்கள் ஒரே வருடத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். பாங்க் குமாஸ்தாவின் கணக்கு இது, தப்பாது.

பாங்க் என்றதும் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுப்புகளில் பெரிய பங்கு எங்கள் கவுண்ட்டரில்தான் தயாராகிறது. விசாவுக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு வருகிறவர்களில் ஒரு வகை சம்பளக்காரர்கள். மாதம் ஒன்றாம் தேதி வரவு, பிறகு சீராகச் செலவு. அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இன்னொரு வகைக்கு வைப்புநிதி, வாடகை வரவு, மூன்று வருட வருமானவரிக் கணக்கு எல்லாம் ஃபைலாகவே இருக்கும். மூன்றாவது வகை நம்ம ஆள். பாஸ் புத்தகத்தைத் திறந்தால் கேஸ் மானியம், அம்மாவின் முதியோர் பென்ஷன், மகளிர் குழுத் தவணை, நடுவில் நானூறு அய்ந்நூறு ரூபாய் எடுத்தது. கொத்து வேலையோ பெயிண்ட் வேலையோ, கூலி கையில் வருகிறது, கையிலேயே போகிறது. வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் அவன் கை வழியாகப் போயிருக்கும். பாங்க் அதைப் பார்த்ததே இல்லை.

இந்தக் கணக்கில் திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை நாலு லட்சம் விழும். வியாழக்கிழமை ஸ்டேட்மென்ட் கேட்டு வருவார்கள், முத்திரையோடு. அடுத்த வாரம் பணம் வெளியே போய்விடும். ஏஜெண்டே பணத்தைப் போட்டு எடுக்கிறான், அதற்கு வட்டியும் வாங்கிக்கொள்கிறான். இருப்பைக் காட்டினால் போதும் என்று அந்தப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறான். விசா அதிகாரி கடைசி வரியில் இருக்கிற இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மேலிருந்து கீழே படிக்கிறார். பணம் என்றைக்கு வந்தது, எங்கிருந்து வந்தது, சொல்லியிருக்கிற வருமானத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கிறார். பிரிட்டன் மாணவர் விசாவுக்குப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடந்திருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. விளக்கமில்லாத பெரிய வரவு, வரவே இல்லாததைவிட மோசம். முன்னது சந்தேகத்தைக் கிளப்புகிறது, பின்னது ஏழை என்று மட்டும்தான் சொல்கிறது.

பணம் நிஜமாகவே நம்முடையது என்றால் அது வந்த வழியைக் காகிதத்தில் காட்ட வேண்டும். சீட்டு எடுத்த பணமா, சீட்டுக் கம்பெனி ரசீது. நகை வைத்ததா, அடகுச் சீட்டு. அப்பா ரிட்டையர் ஆன பி.எஃப். பணமா, அந்த உத்தரவின் நகல். மாமா கொடுத்ததா, மாமாவின் கடிதமும் மாமாவின் ஸ்டேட்மென்ட்டும். கடனைக் கடன் என்றே காட்டலாம். கடனைச் சேமிப்பு என்று காட்டினால்தான் மாட்டிக்கொள்கிறோம். படிப்புக்குப் போகிறவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை இருக்கிறது. கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரைதான் சொத்துப் பிணை கேட்காமல் கொடுக்கச் சொல்லி எங்களுக்கு வழிகாட்டுதல். வெளிநாட்டுப் படிப்பு ஏழரை லட்சத்தில் முடியுமா? அதற்கு மேல் போனால் பத்திரம் கொண்டு வா என்போம். பத்திரம் இருந்தால் அவன் ஏன் எங்களிடம் வந்து நிற்கிறான்?

அண்ணல் அம்பேத்கரை இந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்திப் பார்க்கிறேன். 1913இல் கொலம்பியாவுக்குப் போனபோது பரோடா அரசரின் உதவித்தொகை இருந்தது. திரும்பி வந்து பத்து வருடம் அந்த அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தமும் இருந்தது. நல்ல பிணைப்பு, விசா கிடைத்திருக்கும். 1920இல் லண்டனுக்கு மறுபடி போனாரே, அப்போது? சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் வேலையை விட்டாயிற்று. சேமிப்பு கொஞ்சம், கோலாப்பூர் சாகு மகாராஜா தந்தது கொஞ்சம், மீதி நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன். நிலம் கிடையாது. இன்றைய விதிப்படி படித்துப் பார்த்தால் டிக் அடிக்க இரண்டு கட்டமாவது தேறும். அவர் தன் தீண்டாமை அனுபவங்களை எழுதி வைத்துவிட்டுப் போன சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அதில் தூதரகம் எதுவும் வருவதில்லை. பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டது வருகிறது. கொலம்பியாவில் படித்து வந்தவனுக்கு உள்ளூரில் தங்க அனுமதி இல்லை. தலைப்பின் பொருள் அதற்கு மேல் விளக்கம் கேட்காது.

வேலைச் சான்று பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தர ஊழியனுக்கு விடுப்பு அனுமதிக் கடிதமும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் அலுவலகமே கொடுக்கும். காண்ட்ராக்டில் துப்புரவு வேலை பார்க்கிறவருக்கு, நகராட்சியைக் கேட்டால் காண்ட்ராக்டர் என்பார்கள், காண்ட்ராக்டரைக் கேட்டால் நாளையிலிருந்து வராதே என்பான்.

நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது எழுத்தாளர்களைப் பழிவாங்குகிற கட்டம். நம் பத்திரிகைகளில் எழுதுகிற ஒரு கவிஞரை அய்ரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்று கவிதை வாசிக்கக் கூப்பிட்டது. அழைப்புக் கடிதம் மூன்று நாள் நிகழ்ச்சி என்றது, இவர் முப்பது நாள் கேட்டிருந்தார். வந்ததும் வந்தோம் நாலு ஊர் பார்ப்போம் என்ற ஆசைதான். அந்த நாலு ஊர் எது என்று எங்கும் எழுதவில்லை. டிக்கெட் செலவு யாருடையது என்று கடிதத்தில் இல்லை. தொழில் என்ற இடத்தில் 'கவிஞர்' என்று எழுதினார். நோக்கம் விளங்கவில்லை என்று டிக் அடித்து வந்தது. கவிதை வாசிக்க ஒருத்தன் இவ்வளவு தூரம் ஏன் வரணும் என்கிற சந்தேகம் நம் ஊர்க்காரர்களுக்கே உண்டு, அதிகாரிக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. கேட்கிற நாளும் அழைக்கிற நாளும் பொருந்த வேண்டும், யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்று அழைப்பவர் எழுத வேண்டும், அதிகப்படி நாளுக்கு ஊர் ஊராகத் திட்டம் வேண்டும். கவிஞர் என்பதோடு சோறு போடுகிற வேலையையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

பெயர் இன்னொரு பிரச்சினை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. விட்டோம். நம்மில் பலருக்கு விடுவதற்குப் பட்டமே இருந்ததில்லை, குப்பன் சுப்பன் என்று ஒற்றைப் பெயர்தான். அந்த ஒற்றைப் பெயரும் அப்பாவின் முதல் எழுத்தும் இங்கே மானமாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'தெரியவில்லை' என்று மூன்றெழுத்துச் சுருக்கமாக அச்சடிப்பார்கள். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர் சுற்றுலா, வருகை விசாவில் உள்ளே வர முடியாது என்று அய்க்கிய அரபு அமீரகம் விதி செய்தது. அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்போம் என்று பிறகு கொஞ்சம் இறங்கினார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு என்றால் எல்லா நாட்டிலும் தொல்லைதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இஷ்டத்துக்கு எழுதிய பெயருக்கும் பிறந்த தேதிக்கும் முப்பது வருடம் கழித்து நாம் பதில் சொல்கிறோம். பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும், விசா நேரத்தில் அல்ல.

நம் ஜனங்களில் மிகுதியானவர்கள் போவது வாஷிங்டனுக்கா பாரிசுக்கா? ரியாத்துக்கும் குவைத்துக்கும்தான். அங்கே தடை நம் அரசாங்கத்திடமிருந்தே தொடங்குகிறது. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் 'குடியேற்றச் சோதனை தேவை' என்ற குறிப்பு விழும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏமாற்றப்படாமல் காப்பதற்கு என்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2018 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார்களே, இந்தக் குறிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் கொடுக்கப் போகிறோம் என்று! படிக்காதவனைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண ஒரு நிறம். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே கைவிட்டார்கள். கழுத்தில் கலயம், இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொண்டு நடக்க வைத்த நாட்டில் இந்த யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆராய வேண்டியதில்லை.

அதைத் தாண்டினால் மருத்துவப் பரிசோதனை. காம்கா என்று சொல்லிக்கொண்டிருந்தோம், இப்போது வாஃபித் என்கிறார்கள். ஆறு வளைகுடா நாடுகளுக்கும் பொதுவான விதி. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி, காசநோய் இருந்தால் தகுதியில்லை. காசநோயில் ஒரு விஷயம் இருக்கிறது. நோய் இப்போது இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எப்போதோ வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முழுதாகக் குணமாகியிருந்தாலும், நுரையீரலில் பழைய தழும்பு எக்ஸ்-ரேயில் தெரிந்தால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். அது யாருக்கு வருகிறது? ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கிறவர்களுக்கு, கல் குவாரித் தூசியில் நிற்கிறவர்களுக்கு, பற்றாத சோறு தின்கிறவர்களுக்கு. குணமான நோயின் தழும்பைக் காட்டி மறுக்கிற இந்த விதியைப் பற்றி டெல்லி அந்த ஆறு அரசுகளிடமும் பேச வேண்டும், நம் இயக்கங்கள் டெல்லியைப் பேச வைக்க வேண்டும். ஏஜெண்டுக்கு முழுப்பணம் கொடுப்பதற்கு முன்னால் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துக்கொள்வது இப்போதைக்குச் செய்யக்கூடியது.

ஏஜெண்ட் விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்கான வரியும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவனிடம் பதிவு எண் கேளுங்கள். 'டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்கலாம்' என்பவனை நம்பி 2022இல் தாய்லாந்துக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று போன நம் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் அடிமைகளாகக் கிடந்தார்கள். போலிச் சம்பளச் சீட்டு, போலி அனுபவச் சான்று செய்து கொடுப்பவனும் இதே ஆள்தான். அது கண்டுபிடிக்கப்பட்டால் பிரிட்டன் பத்து வருடம் வரை, கனடா அய்ந்து வருடம் விலக்கி வைக்கும். அமெரிக்காவில் அது ஆயுள் தண்டனை மாதிரி. கையெழுத்துப் போட்டவன் நீ, ஏஜெண்டுக்கு அதில் ஒன்றுமில்லை. சாதாரண மறுப்பு ஒரு காயம், ஆறிவிடும். பழைய மறுப்பை மறைத்து அடுத்த படிவத்தில் 'இல்லை' என்று எழுதினால் அது புரையோடும்.

எல்லாம் சரியாக வைத்தாலும் மறுப்பார்கள், அதையும் சொல்ல வேண்டும். பிரிட்டன் உள்துறை ஒரு கம்ப்யூட்டர் முறை வைத்திருந்தது. விண்ணப்பங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும், பிரிப்பதற்கு நாட்டையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளும். குடியேறியோர் உரிமை அமைப்பும் ஃபாக்ஸ்குளோவ் என்ற அமைப்பும் வழக்குக்குப் போனதும், 2020 ஆகஸ்டில் அதை நிறுத்தினார்கள். ஒரு சிவப்பு நிறத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய பட்டமளிப்பு விழாவும் தங்கை கல்யாணமும் போயிருக்கும்!

மாணவத் தோழர்களுக்கு அவசரமான ஒன்று. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதி மாணவர்களுக்கு முக்கியமானது, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2025-26க்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதை டெல்லிச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அந்தக் கடிதம்தான் விசா ஜன்னலில் பணத்துக்கான அத்தாட்சி. கடிதம் இல்லையென்றால் நிதி ஆதாரம் இல்லை, நிதி ஆதாரம் இல்லையென்றால் விசா இல்லை, செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். நம்மில் ஒருவனுக்கு விசாவை மறுக்க வெளிநாட்டு அதிகாரி தேவைப்படாத இடம் இது. கடிதங்கள் மே மாதத்துக்குள் எல்லோருக்கும் தரப்பட வேண்டும் என்பதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மறுப்புப் பேப்பரைக் கிழித்துப் போடாதீர்கள். எந்தக் கட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். மேல்முறையீடு உண்டா, எத்தனை நாள் என்று பாருங்கள். எதுவும் மாறாமல் மறுபடி விண்ணப்பித்தால் அதே டிக் அதே கட்டத்தில்தான் விழும். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அடித்துவிட்டு நகல் ஒன்றை அந்தந்த ஊர் மாணவர் விடுதியிலோ நம் படிப்பகத்திலோ கொடுத்து வையுங்கள். அய்ம்பது நகல் சேர்ந்தால் அடுத்து விண்ணப்பிக்கிற பிள்ளை ஏஜெண்டைத் தேடிப் போக வேண்டியிருக்காது. ஸ்டேட்மென்ட்டை எப்படிப் படிப்பார்கள் என்று சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன், இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை.